அண்டத்தின் மூச்சு

என் அண்ணனும் தம்பியும் பல வருஷம் பேசிக்கல. அண்ணன் தம்பி பேசாம இருக்கிறது உலகத்துல புதுசா என்ன? நிலத்துக்கு அடிச்சுக்குவாங்க, வீட்டுக்கு அடிச்சுக்குவாங்க, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு அடிச்சுக்குவாங்க. அப்படி ஏதாச்சும் இருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். என் கூடப் பொறந்ததுங்க சண்டை போட்டது, டிவி தொடர்ல வந்த ஒரு விண்கலத்துக் கேப்டன் கடைசியில செத்தானா, வீடு வந்து சேர்ந்தானான்னு. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

அந்தத் தொடருக்கு 'திரும்பாத கலம்'னு பேரு. நாங்க மூணு பேரும் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலத்துல வாரம் ஒருநாள் சாயங்காலம் வரும். வழி தவறின ஒரு விண்கலம், அதுல ஒரு கேப்டன், வாரத்துக்கு ஒரு கிரகம். கிரகம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, எல்லாம் ஒரே மணல்மேடுதான். ஒரு வாரம் சிவப்பு விளக்கு போடுவாங்க, மறுவாரம் பச்சை விளக்கு. அண்ணன் டேப் ரெக்கார்டரை டிவி முன்னாடி வெச்சு ஒவ்வொரு வாரத்தையும் கேசட்டுல பிடிச்சு வெச்சுக்கிட்டான். கடைசி வாரம் கேப்டன் ஒரு பெரிய கதவுக்கு முன்னாடி நின்னு கைப்பிடியில கை வெச்சான் பாருங்க, தெருவுக்கே கரண்ட் போச்சு. திரும்பி வந்தப்ப செய்தி ஓடிட்டிருந்தது. அப்புறம் அந்தத் தொடரை யாரும் மறுபடி போடல. படச்சுருளெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்ததுன்னு தெரியாமலே எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் மீசை முளைச்சு, அது நரைச்சும் போச்சு.

மீசை முளைச்சப்ப கூடவே இசையும் முளைச்சது. அண்ணன் கீபோர்டு, தம்பி கிடார். சாதாரணப் பாட்டு வாசிச்சிருந்தா கல்யாண வீட்டுக்காச்சும் கூப்பிட்டிருப்பாங்க. இதுங்க வாசிச்சது ப்ராக்ரஸிவ் ராக். ராக்னா எனக்கும் தெரியும், தலையை ஆட்டிட்டுக் கத்தறது. இது யோசிக்கிறவங்களோட ராக்காம். இதுல பாட்டு சீக்கிரம் முடிஞ்சா கேவலம். தாளம் ஏழா இருக்கணும், பதினொண்ணா இருக்கணும், கேட்கிறவன் கால் தட்ட ஆரம்பிச்சா அது மட்டமான இசைன்னு அர்த்தம். அதனால பயிற்சி நடக்கிறப்ப என்னை ஒரு ஸ்டூல்ல உட்கார வெச்சு என் காலையே பார்த்துட்டிருப்பாங்க. என் கால் ஆடிச்சுன்னா போச்சு, அந்த இடத்தை அடிச்சுட்டு வேற போடுவாங்க. அடுப்புல பால் வெச்சவங்க கூட அவ்வளவு கவனமா பார்க்க மாட்டாங்க. டிரம்ஸ் அடிக்கிறவர் எங்க தெரு முனை பேக்கரிக்காரர். நல்ல மனுஷன். இவன் சொன்னாலும் தலையாட்டுவார், அவன் சொன்னாலும் தலையாட்டுவார்.

வாழ்நாள் சாதனையா ஒரு பாட்டு கட்டினாங்க. பேரு அதே 'திரும்பாத கலம்'. ஏழு பாகம், அரைமணி நேரத்துக்கு மேல ஓடும். முதல் பாகத்துக்கு 'அண்டத்தின் மூச்சு'ன்னு பேரு வெச்சாங்க. அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்டா எல்லா வாரத்துலயும் பேச்சுக்குப் பின்னாடி 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் விடாம கேட்கும். அது கலத்துக்கு வெளியே பிரபஞ்சம் மூச்சு விடற சத்தம், இயக்குநர் வேணும்னே வெச்சிருக்கார், இத்தனை வருஷமா ஒரு பயலுக்கும் புரியலன்னு அண்ணன் கண்டுபிடிச்சான். தம்பி அதைக் கருவியில போட்டு அளந்து, அது எந்தச் சுரத்துலயும் சேராம ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, மனுஷ இசைக்கு அடங்காத சத்தம்னு சொன்னான். உடனே கிடாரையும் கீபோர்டையும் கொஞ்சூண்டு ஏத்தி அந்த இரைச்சலோட சேர்த்தாங்க. அதே கேசட்டுல எங்கம்மா "சாப்பிட வர்றீங்களா, இல்ல நான் கதவைச் சாத்தட்டுமா"ன்னு கத்தறதும் இருந்தது. அதை மட்டும் பொறுக்கி எடுத்து அழிச்சுட்டாங்க.

ஆறு பாகம் வரைக்கும் ஒத்துமையாத்தான் போச்சு. ஏழாவதுல கதவைத் திறந்தாகணும். கதவைத் திறந்ததும் கேப்டன் வெற்றிடத்துல செத்துப் போறான், கீபோர்டு தேய்ஞ்சு தேய்ஞ்சு அடங்கணும்னு அண்ணன் சொன்னான். இல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, கிடார் எழுந்து வரணும்னு தம்பி சொன்னான். வீடு வந்து சேர்ந்தா அது காவியம் இல்ல, பஸ் பயணம்னான் அண்ணன். உனக்கு எவன் நல்லா இருந்தாலும் பொறுக்காதுன்னான் தம்பி. அப்புறம் சின்ன வயசுல உடைஞ்ச சைக்கிள் வந்தது, அப்பாவோட கைக்கடிகாரம் வந்தது, அண்ணியும் வந்தாங்க. அண்ணி பேச்சை எடுத்ததும் அண்ணன் கீபோர்டை மூடினான். அன்னைக்கு வாயையும் சேர்த்து மூடினதுதான், வருஷக்கணக்கா திறக்கல.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே கடை. அப்பா விட்டுட்டுப் போனது. என்ன கடைன்னு கேட்டா சிரிக்கக் கூடாது: காது கேட்கிற கருவி விக்கிற கடை. வர்றவங்களைச் சத்தம் புகாத சின்ன அறையில உட்கார வெச்சு, எந்தச் சத்தம் கேட்குது, எது கேட்கலன்னு அண்ணன் சோதிப்பான். காதுக்குள்ள பசை விட்டு அச்சு எடுத்து, அதுக்கு ஏத்த மாதிரி கருவியைத் தயார் பண்றது தம்பி வேலை. ஒருத்தன் இல்லாம இன்னொருத்தனுக்குப் பிழைப்பு கிடையாது. ஆனாலும் கடைக்கு நடுவுல பிளைவுட்ல ஒரு தடுப்பு போட்டாச்சு. கருவியில சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு வைக்கிறது யாருன்னு வேற ஒரு தகராறு. பேக்கரிக்காரர் பஞ்சாயத்து பண்ணி, இடது காது அண்ணனுக்கு, வலது காது தம்பிக்குன்னு பிரிச்சு விட்டார். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் ரெண்டையும் மாட்டிட்டுப் போய் மறுநாளே வந்தார். இடது காதுல அவர் மனைவி குரல் மட்டும்தான் கேட்குதாம், வலது காதுல மனைவி குரலைத் தவிர எல்லாம் கேட்குதாம். ரொம்ப யோசிச்சுட்டு, வலதை மட்டும் வாங்கிட்டுப் போயிட்டார்.

தடுப்பு முடியற இடத்துல, வாசலுக்கு நேரா என் மேஜை. பில் போடறது, பேட்டரி விக்கிறது என் வேலைன்னு சொல்லிக்கிட்டாலும் உண்மையில என் வேலை தூது. "பாப்பா, அச்சு எடுத்தாச்சான்னு அவன்கிட்ட கேளு"ன்னு அண்ணன் இந்தப் பக்கம் சொல்வான். எனக்கு இத்தனை வயசாகியும் அவனுக்கு நான் பாப்பாதான். அவன் சொல்றது அந்தப் பக்கம் தம்பிக்குக் கேட்கும். பிளைவுட்தானே, கோட்டைச் சுவரா என்ன. ஆனா நான் எழுந்து சுத்திப் போய் என் வாயால சொன்னாத்தான் அவன் காதுல ஏறும். போற வழியில நானும் கொஞ்சம் வெட்டி ஒட்டுவேன். 'அந்த எருமைக்கு அறிவிருக்கா'ன்னு கிளம்பினது 'அண்ணன் இன்னொரு தடவை பார்த்துடச் சொல்றான்'னு போய்ச் சேரும்.

ஒண்ணு சொல்லணும். ஆள் வராத மத்தியானத்துல அண்ணன் என் மேஜை பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டு முழங்கால் வலி, அண்ணி கோபம், தூக்கம் வராததுன்னு எல்லாத்தையும் கொட்டுவான். அவன் எழுந்து போனதும் அதே ஸ்டூல்ல தம்பி வந்து உட்காருவான். மக படிப்பு முடிச்சும் வேலை கிடைக்காம முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கான்னு புலம்புவான். ரெண்டு பேரும் முடிக்கிறது மட்டும் மத்தவனைத் திட்டித்தான். நான் தனிக்கட்டை, வீட்டுக்குப் போனா சுவரும் நானும்தான். அந்த மத்தியானப் பேச்சுதான் எனக்கு நாள் முழுக்கத் துணை.

இப்படி இருக்கிறப்ப அண்ணன் வேற தெருவுல தனியா ஒரு கடை பார்த்துட்டான். மாசக் கடைசியில போறேன்னுட்டான். போனா ரெண்டு கடையும் படுத்துடும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் கவலை அது இல்ல. ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறப்பவே பேசாததுங்க, தெரு மாறினா செத்தாலும் பேசாதுங்க. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் நின்னு பேசிடணும், திட்டிக்கிட்டாலும் பரவாயில்ல, வேற ஒண்ணுமே எனக்கு வேணாம்னு தினம் வேண்டிக்கிட்டேன்.

அப்பத்தான் அந்த அறிவிப்பு வந்தது. டிவிக்காரங்க ஏதோ கிடங்கைக் காலி பண்றப்ப 'திரும்பாத கலம்' கடைசிப் பகுதி கிடைச்சிருக்காம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடறாங்களாம். அண்ணன் வந்து என்கிட்ட சொன்னான். நான் சுத்திப் போறதுக்குள்ள தம்பி எதிர்ல வந்து அதையே சொன்னான். ஒரு நாள் பூரா நடந்து நடந்து என் கால் வீங்கிப் போச்சு. கடைசியில முடிவாச்சு: பொது இடமா என் வீட்டுல பார்க்கிறது, பேக்கரிக்காரர் நடுவர், யார் சொன்ன முடிவு தப்போ அவன் அந்தப் பாட்டை இனிமே தொடக் கூடாது. எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. ஜெயிச்சவன் சும்மா இருக்க மாட்டான், சொல்லிக் காட்டுவான். தோத்தவன் இந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்க மாட்டான். அந்தக் கேப்டன் சாகவும் வேணாம், வீட்டுக்கு வரவும் வேணாம், எங்கேயாச்சும் தொலையட்டும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் கோர்ட்டுக்குப் போற மாதிரி சட்டை போட்டுட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தான். தம்பி அவனுக்கு முதுகு காட்டித் தரையில உட்கார்ந்தான். பேக்கரிக்காரர் ஒரு பெட்டி பிஸ்கெட்டோட நடுவுல உட்கார்ந்தார்.

தொடர் ஆரம்பிச்சது. ஐயோ, என்ன நடிப்பு, என்ன கலம். சுவருன்னு சாய்ஞ்சா சுவர் ஆடுது. இதுக்கா இத்தனை வருஷம் இதுங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிச்சுன்னு நான் நினைச்சுட்டிருக்கிறப்ப, தம்பி எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினான். கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன் எழுந்து போய் இன்னும் கூட்டினான். ரெண்டு பேரும் தலையைச் சாய்ச்சு சாய்ச்சு எதையோ தேடினாங்க. எனக்கு அப்பத்தான் உறைச்சது. இரைச்சலைக் காணோம்.

அது எங்க வீட்டுப் பழைய டிவி போட்ட சத்தம். எப்பவும் முனகிட்டே இருக்கும், பின்பக்கம் ஒரு தட்டு தட்டினா கொஞ்சம் அடங்கும். தட்டற வேலையை என்கிட்டதான் விட்டிருந்தாங்க. ஊர்ல இருக்கிறவன் காதையெல்லாம் சோதிச்சு, உனக்கு இது கேட்கல, அது கேட்கலன்னு சொல்ற ரெண்டு மேதைங்க, வீட்டு டிவி முனகினதைப் பிரபஞ்சத்தோட மூச்சுன்னு நம்பி அதுக்குச் சுதி சேர்த்திருக்காங்க. சிரிப்பை அடக்கறதுக்கு நான் ரெண்டு பிஸ்கெட்டை ஒண்ணா வாயில போட்டுக்கிட்டேன்.

அதுக்குள்ள கதவு வந்துடுச்சு. கேப்டன் கைப்பிடியில கை வெச்சான். இந்தத் தடவை கரண்ட் போகல. காட்சி மாறிச்சு, கதவு திறந்தது, உள்ள வந்தது வேற ஆளு. குட்டையா, தொப்பையோட, புதுச் சீருடையில. கலத்து டாக்டர் எழுந்து நின்னு, நம்ம பழைய கேப்டனுக்கு வேற கலத்துக்கு மாற்றல் ஆயிடுச்சு, இனிமே இவர்தான் கேப்டன்னு சொன்னார். எல்லாரும் கை குலுக்கினாங்க. பாட்டு போட்டு முடிச்சுட்டாங்க.

சாவும் இல்ல, வீடும் இல்ல. மாற்றல். நடிகனுக்கும் கம்பெனிக்கும் ஏதோ தகராறு போலன்னு பேக்கரிக்காரர் மெதுவா சொன்னார், யாரும் காதுல வாங்கல. நான் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ரெண்டும் பேயறைஞ்ச மாதிரி இருந்தது. இப்ப எழுந்து ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன்.

தம்பி திரும்பாமலே பேசினான். "இரைச்சலைக் காணோம்ணே."

அண்ணன் டிவியைப் பார்த்துட்டே பதில் சொன்னான். "எடுத்துட்டாங்கடா. சுத்தம் பண்றோம்னு சொல்லி எடுத்துட்டாங்க."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எத்தனை வருஷம் கழிச்சு 'அண்ணே', 'டா'. நம்ம டிவிடா அதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அப்படியே முழுங்கிட்டேன். கொஞ்ச நேரத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து நியாயம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. இரைச்சலையே எடுத்தவன் முடிவையும் மாத்தியிருக்க மாட்டானா, இது போலி, உண்மையான முடிவு இன்னும் எங்கேயோ இருக்கு, அதை மறைக்கிறாங்க. அண்ணன் சொல்ல தம்பி ஆமாங்கிறான், தம்பி சொல்ல அண்ணன் தொடையில தட்டறான். பேக்கரிக்காரர் வழக்கம் போல ரெண்டு பேருக்கும் தலையாட்டினார்.

மறுநாள் தடுப்பைப் பிரிச்சுப் போட்டாங்க. புதுக்கடை வேணாம்னு அண்ணன் சொல்லிட்டான். பாட்டுக்கு எட்டாவதா ஒரு பாகம் சேர்த்தாங்க, 'களவு போன மூச்சு'ன்னு. தடுப்பு போனதும் என் மேஜை வழியில துருத்திக்கிட்டு நின்னது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பின்னாடி பேட்டரிப் பெட்டிங்க அடுக்கற மூலையில வெச்சாங்க. தூக்கறப்ப கூட ஏழு ஏழா எண்ணிட்டேதான் போனாங்க.

நான் வேண்டிக்கிட்டது நடந்துடுச்சு. வாயை மூடிட்டுச் சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே? முடியல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அண்ணனும் தம்பியும் பேசறாங்க, பேசறாங்க, அப்படிப் பேசறாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டு என் பக்கம் ஒருத்தனும் வரல. அண்ணன் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கிட்டதை அண்ணி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தம்பி மகளுக்கு வேலை கிடைச்சதை, என் பொண்ணு மாதிரி நான் கவலைப்பட்ட அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சதை, பேக்கரியில ரொட்டி வாங்கறப்ப பேக்கரிக்காரர் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா?"ன்னு அவர் கேட்டப்ப தெரியும்னு பொய் சொல்லிட்டு வந்தேன். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் என்கிட்ட பேசினாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். அவங்க பேசினது ஒருத்தனோட இன்னொருத்தன். நான் நடுவுல இருந்த வயரு.

ஒரு மத்தியானம் கடையில ஆளில்ல. பாட்டை முழுசா பதிவு பண்ணிக் கொண்டு வந்து ஸ்பீக்கர்ல போட்டாங்க. எட்டு பாகமும் ஓடி முடிஞ்சது. முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பி என்னைப் பார்த்தாங்க. என் முகத்தை இல்ல, என் காலை. கால் ஆடலன்னதும் ரெண்டு பேருக்கும் பரம திருப்தி. அண்ணன் தம்பி முதுகுல தட்டிக் கொடுத்தான்.

எனக்குத் தாங்கல. "காலைப் பார்க்கத் தெரியுதுல்ல? வாயைப் பார்த்து ஒரு வார்த்தை, எப்படி இருக்குன்னு கேட்கத் தோணலையா?"ன்னேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியல. அது நம்ம டிவி போட்ட சத்தம்டான்னேன். பின்னாடி தட்டினவ நானுன்னேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நான் விடல. உன் முழங்காலைப் பத்தி அண்ணி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமான்னேன். தம்பியைப் பார்த்து, உன் மகளுக்கு வேலை கிடைச்சதை எனக்கு ரொட்டிக் கடையில வெச்சுச் சொல்றாங்கடான்னேன். அழுதுக்கிட்டேதான் பேசினேன்.

அண்ணன் கீழே பார்த்துட்டு உட்கார்ந்துட்டான். தம்பிக்கு நான் அழுதா எப்பவும் கை கால் ஓடாது. என்னைச் சமாதானம் பண்ணணும், என்ன சொல்றதுன்னும் தெரியல. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு அந்தக் கதவுதானே. பக்கத்துல வந்து, "சரிக்கா, அழாதக்கா. நீ சொல்லு. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு நீ நினைச்சே?"ன்னான். அண்ணனும் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது.

நான் கண்ணைத் துடைச்சுட்டு உண்மையைத்தான் சொன்னேன். "நான் கதவைப் பத்தி நினைக்கவே இல்லடா. அந்தக் கலத்துல இருந்த ரேடியோக்காரியைப் பத்தித்தான் நினைச்சேன். வாராவாரம் மூலையில உட்கார்ந்து, காதுல ஹெட்போனை மாட்டிட்டு, கேப்டன் சொன்னதை எஞ்சின் அறைக்கும், எஞ்சின் அறையில சொன்னதைக் கேப்டனுக்கும் சொல்லிட்டே இருப்பாளே, அவ. கேப்டன் எங்கே வேணா போகட்டும். அவளை யாராச்சும் கூட்டிட்டுப் போனாங்களான்னுதான் எனக்குக் கவலை."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தக் கலத்துல எத்தனை விளக்கு, கேப்டன் சட்டையில எத்தனை பட்டன், எல்லாம் மனப்பாடமாச் சொல்ற ரெண்டு பேர். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. வேணும்னு கேட்கல, பாவம், நிஜமாவே தெரியாமத்தான் அண்ணன் கேட்டான்.

"அப்படி ஒருத்தி இருந்தாளா, பாப்பா?"